பள்ளியிலிருந்து போன் வந்தால்: வேலைக்குப் போகும் பெற்றோருக்கு

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மதுரையில் மதியம் மூன்று மணி வாக்கில் பிடித்த மழை, சற்று நேரத்தில் ரோட்டையெல்லாம் வெள்ளக்காடாக்கிவிட்டது. மாலைக்குள் பெய்தது 10 செ.மீ.யை நெருங்கியது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். பள்ளி விடுகிற நேரம் அது. திருப்பரங்குன்றத்தில் வீடு, கப்பலூர் சிட்கோவில் அம்மாவுக்கு வேலை, மாசி வீதியில் அப்பாவுக்குக் கடை, பிள்ளை படிப்பது பசுமலையிலோ பழங்காநத்தத்திலோ என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த மாதிரி நாளில் யார் போய்ப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, பள்ளியில் உங்கள் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. சேர்க்கையின்போது கொடுத்த நம்பர் பழைய சிம்மாக இருக்கும். அல்லது அன்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த உறவினரின் நம்பராக இருக்கும். பள்ளிக்கல்வித் துறை 2024-ல் மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் உள்ள பெற்றோர் நம்பர்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்த்தது. அதற்குப் பிறகு நீங்கள் நம்பர் மாற்றியிருந்தால் பள்ளிக்கு அது தானாகத் தெரியாது. வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், டைரியின் முதல் பக்கத்திலும் திருத்துங்கள்.

எந்த நம்பரை முதலில் எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலும் அப்பா நம்பர்தான் முதலில் இருக்கிறது. அவர் லாரி ஓட்டிக்கொண்டு சேலத்தில் இருப்பார். பகல் மூன்று மணிக்குப் போனை எடுத்து, அரை மணி நேரத்தில் பள்ளி வாசலுக்கு வரக்கூடியவர் யாரோ, அவர் நம்பர்தான் முதலில் இருக்க வேண்டும். அது ஹார்விபட்டியில் இருக்கும் அம்மாச்சியாக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். அவர் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை, அவர் போட்டோவோடு பள்ளியில் கொடுத்து வையுங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் எந்த நல்ல ஆசிரியரும் பிள்ளையை அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது.

அடுத்தது வேலையிடம். மில்லிலும் பல கம்பெனிகளிலும் ஷிப்டுக்குள் போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து பத்து முறை அடித்தாலும் உங்களுக்குக் கேட்காது. ஆகவே கேட் செக்யூரிட்டி நம்பரோ சூப்பர்வைசர் நம்பரோ பள்ளியில் மாற்று எண்ணாக இருக்கட்டும். சூப்பர்வைசரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அண்ணே, பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல இருந்து போன் வந்தா மட்டும் என்னை லைன்ல வந்து கூப்பிடுங்க. அவசரம்னா ஒரு மணி நேரம் பெர்மிஷன் வேணும், அதை அப்புறம் ஈடுகட்டிர்றேன்." நல்லபடியாக இருக்கும் நாளில் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அடித்துப் பிடித்து ஓடும் நாளில் சொன்னால் அது சண்டையில்தான் முடியும். முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பள்ளியிலிருந்து வரும் அழைப்பைத் தொழிலாளிக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் கிடையாது.

இனி, செய்தி வந்த பிறகு. 2024 பிப்ரவரி 8-ம் தேதி சென்னையில் 13 பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் மதுரைப் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்தது. சோதித்துப் பார்த்ததில் எல்லாம் புரளி. ஆனால் சென்னையில் செய்தி பரவியதும் பெற்றோர் பள்ளி வாசல்களில் குவிந்தார்கள். பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் வாசலை நூறு பைக்குகள் அடைத்து நின்றால் ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ உள்ளே போக முடியாது. நம் ஊர்த் தெருக்களின் அகலம் நமக்குத் தெரியும். திருப்பரங்குன்றம் சந்நிதித் தெருவில் சாதாரண நாளிலேயே ஒரு கார் திரும்பினால் பின்னால் வரிசை நிற்கிறது.

அதனால் பள்ளியிடம் முன்கூட்டியே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளியேற்றினால் எங்கே கூட்டி நிறுத்துவீர்கள்? எந்த கேட் வழியாகப் பெற்றோரிடம் ஒப்படைப்பீர்கள்? தகவல் எதில் வரும், குறுஞ்செய்தியிலா, வாட்ஸ்அப்பிலா, போனிலா? பதில் சொல்லத் தடுமாறும் பள்ளி இன்னும் திட்டம் போடவில்லை என்று பொருள். கோபப்படாமல், அடுத்த கூட்டத்துக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும் இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. நல்ல மனதோடு செய்கிற தவறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து, "வாடா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நம் வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அங்கே ஆசிரியர் தலை எண்ணுகிறார்; ஒன்று குறைகிறது. அந்த ஒரு பிள்ளைக்காக யாரோ ஒருவர் மறுபடியும் கட்டடத்துக்குள் ஓடுவார். உங்கள் பிள்ளையானாலும் சரி, ஊரார் பிள்ளையானாலும் சரி, ஆசிரியரிடம் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு நகர வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஆடியோவை நம்பி எதையும் செய்யாதீர்கள், பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். மழை விடுமுறை அறிவிப்புதான் இதில் மோசம். போன வருட அறிவிப்பு இந்த வருடம் சுற்றும். கலெக்டர் அறிவிப்பில் தேதியைப் பாருங்கள், பள்ளிகளுக்கு மட்டுமா கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்று பாருங்கள், முழு மாவட்டத்துக்கா சில வட்டங்களுக்கா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 112 அல்லது 108.

திருப்பரங்குன்றத்துக்காரர்கள் கூடுதலாக ஒரு நாள்காட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பங்குனித் தேர் மலையைச் சுற்றி வரும் நாள், வைகாசி விசாகம், கார்த்திகை என்று ஊரே நெரியும் நாட்களில் வேன் வழக்கமான இடத்துக்கு வராது. 2025 பிப்ரவரி 3, 4 தேதிகளில் மாவட்டம் முழுக்கத் தடையுத்தரவு போட்டிருந்தபோது இங்கே போலீஸ் கெடுபிடி எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். இப்படிப்பட்ட நாளுக்கு முந்தின நாளே வேன் டிரைவரிடம், "நாளைக்கு எங்கே இறக்கிவிடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். மூலக்கரையிலா, ஸ்டேஷன் பக்கமா என்பது உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் தகவல் பற்றியது. கட்டடத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. இறங்கி வரக் குறுகலான ஒரே மாடிப்படிதான் இருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடு கட்டாயம் என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பிள்ளைகளின் மரணம். 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஆபத்து திடீரென்று முளைக்கவில்லை. கூரையும் படியும் சுவரும் தினமும் கண்ணெதிரில்தான் இருந்தன.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி, அவற்றில் ஏதாவது பூட்டிக் கிடக்கிறதா, தீயணைப்பான் சிலிண்டரின் தேதி முடிந்துவிட்டதா, கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது என்று கேளுங்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் அக்குழு இருக்காது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பள்ளி வாகனத்துக்குத் தமிழக அரசின் 2012-ம் ஆண்டுச் சிறப்பு விதிகள் உண்டு: உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும். ஒருநாள் வேனுக்குள் ஏறி நீங்களே பாருங்கள்.

கடைசியாகப் பிள்ளை. இரண்டு போன் நம்பரையாவது மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பெற்றோர் பெயர், தெருப் பெயரும்தான். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவுசெய்யுங்கள், அப்பத்தா ஊர்க் குலசாமி பெயர் மாதிரி. "அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று யார் வந்தாலும் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கட்டும். தெரியவில்லையென்றால் ஆசிரியரிடம் ஓடட்டும். யாராவது தப்பாக நடந்துகொண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கல்வி உதவி எண் 14417-க்கும் பிள்ளையே பேசலாம் என்பதையும், பள்ளியில் பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, "மழை வந்து அம்மா வர லேட்டானா என்ன செய்வே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் போதும்.