குடும்பப் படங்களைக் காப்பது எப்படி?



பாட்டனார் கப்பலேறி வந்த காலத்தில் எடுத்த ஒரே படம் நம்மில் சிலர் வீட்டுச் சுவரில் இன்றும் தொங்குகிறது. ஆனால், சென்ற ஆண்டு நடந்த திருமணத்தின் ஆயிரம் படங்கள் எங்கே என்று கேட்டால், "கைப்பேசியில் இருக்கின்றன" என்கிறோம். அந்தக் கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வோம்?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் ஜொகூரில் பெருகிய வெள்ளத்தைக் கோத்தா திங்கியிலும் சிகாமட்டிலும் உள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட் வட்டாரமும் நீரில் மூழ்கியது. நனைந்த காகிதப் படத்தை உடனே தூய குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் மீட்கலாம். சேற்று நீர் புகுந்த ஹார்ட் டிஸ்க்கை வீட்டில் மீட்பது அரிது. அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது, எஞ்சியதையும் கெடுத்துவிடும்.

சரக்கு முழுவதையும் ஒரே கிடங்கில் அடைக்க நாம் துணிவதில்லை. படங்களுக்கும் அதுவே நியாயம். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய முறை எளியது: பிரதிகள் மூன்று, சாதனங்கள் இருவகை, ஒரு பிரதி வேறிடத்தில். கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என வைக்கலாம். வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அசல் கெடாது.

இணையத்தை மட்டும் நம்புதலும் ஆகாது. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, படங்களோடு சேர்த்து நீக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. குடும்பத் தலைவர் மறைந்து, கடவுச்சொல்லும் ஒருவருக்கும் தெரியாமற் போனால், அவர் சேர்த்த படங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டாமலே போகக்கூடும். கணக்கு செயலற்றுப் போனால் படங்களைப் பெறவேண்டியவர் இன்னார் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி அக்கணக்கிலேயே உண்டு. அதை இன்றே செய்து, மூத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னுமொன்று: படத்தில் இருப்பவர் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றையும் எழுதி வைக்கவேண்டும். இவை இல்லாத படம், பெயரெழுதாத பற்றுக் கணக்குக்கு ஒப்பாகும். அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். முக்கியமான சில படங்களைக் காகிதத்திலும் அச்சிடுவோம்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று பிரதிகளும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுவோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவோம். பேரேட்டைக் காக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையன்று.