இடைச்செருகல்: எந்த முறை, எப்போது?

சில புள்ளிகளில் மட்டும் மதிப்பு தெரிந்த ஒரு சார்புக்கு, இடைப்பட்ட இடங்களில் மதிப்பைக் கணிப்பது இடைச்செருகல். முறையைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: புள்ளிகளை விரும்பியபடி அமைக்க முடியுமா? சார்பின் வளைவு எவ்வளவு சீரானது? தரவில் அளவீட்டுப் பிழை கலந்திருக்கிறதா?

நேர்கோட்டு முறை

அடுத்தடுத்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பது இது. 10 அடிமான மடக்கையில் 2.0-க்கு 0.30103, 2.1-க்கு 0.32222. இவற்றின் சராசரியாக 2.05-க்குக் கிடைப்பது 0.31162, உண்மை மதிப்பு 0.31175. சீரான சார்பில் இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். நெருக்கமான அட்டவணைக்கு இதுவே போதும்.

ஒற்றைப் பல்லுறுப்புக்கோவை

n+1 வெவ்வேறு புள்ளிகள் வழியே செல்லும், படி n-ஐ மிஞ்சாத பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்றுதான். லெக்ராஞ்சி சூத்திரமும் நியூட்டன் சூத்திரமும் அதே கோவையையே தருகின்றன. புதிய புள்ளி சேரும்போது நியூட்டன் வடிவில் ஓர் உறுப்பைக் கூட்டினால் போதும் என்பது அதன் வசதி.

புள்ளிகளைக் கூட்டினால் துல்லியம் தானாகக் கூடிவிடாது. 1901-இல் ருங்கே இதைக் காட்டினார். 1/(1+25x²) என்ற சார்பை −1 முதல் 1 வரை 11 சம இடைவெளிப் புள்ளிகளில் இடைச்செருகினால், ஓரங்களையொட்டி பிழை சுமார் 1.92 வரை எழுகிறது. சார்பின் உச்ச மதிப்போ 1 மட்டுமே. 21 புள்ளிகளில் பிழை 50-ஐத் தாண்டுகிறது.

செபிஷேவ் புள்ளிகள்

ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் அமைந்த செபிஷேவ் புள்ளிகளைக் கொண்டால், அதே சார்பில் அதே 11 புள்ளிகளுக்குப் பிழை சுமார் 0.11 ஆகக் குறைகிறது. மிகச் சீரான சார்புகளில் புள்ளிகள் கூடக் கூடப் பிழை அடுக்குவேகத்தில் சுருங்கும். எனினும் எல்லாத் தொடர்ச்சியான சார்புகளுக்கும் ஒருங்கே பொருந்தும் புள்ளி அமைப்பு கிடையாது என்று 1914-இல் ஃபேபர் நிறுவினார்.

முப்படி ஸ்ப்லைன்

ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித்தனி முப்படிக் கோவை. அவை சேருமிடத்தில் முதல், இரண்டாம் வகைக்கெழுக்களும் ஒத்துப்போகும். ருங்கேயின் சார்பில் 11 சம இடைவெளிப் புள்ளிகளே இருந்தாலும் பிழை சுமார் 0.02 தான். சீரான சார்பில், ஓர நிபந்தனைகளைச் சரியாக அமைத்து இடைவெளியைப் பாதியாக்கினால், பிழை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகும். ஆனால் தரவு திடீரென எகிறும் இடத்தில் ஸ்ப்லைன் மேலும் கீழும் அலையக்கூடும். ஏறுமுகமான தரவு ஏறுமுகமாகவே இருக்க வேண்டுமென்றால், 1980-இல் ஃபிரிட்ச்சும் கார்ல்சனும் வகுத்த முப்படி முறை ஏற்றது.

தேர்வு

புள்ளிகளை அமைக்கும் உரிமை இருந்து சார்பும் சீராக இருந்தால் செபிஷேவ். புள்ளிகள் முன்பே முடிவாகிவிட்டால் ஸ்ப்லைன். அட்டவணை நெருக்கமாக இருந்தால் நேர்கோடு. சம இடைவெளியில் உயர்படிக் கோவையைத் தவிர்ப்பதே நல்லது. தரவில் அளவீட்டுப் பிழை கணிசமாக இருந்தால் இடைச்செருகலையே விட்டு மீச்சிறு வர்க்க முறையை நாட வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் தொட்டே தீரும் வளைவு, பிழையையும் சேர்த்தே வரையும்.