ஸ்பீக்கரை மாற்றும் முன் கதவைக் கவனியுங்கள்

காரில் விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டிய பிறகும் "பேஸே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் அதிகம். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இல்லை, கதவில்தான். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் நேரெதிரானவை. கதவின் உள்தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியாக இரண்டும் கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே முக்கியமான வேலை ஓட்டையை அடைப்பது. அதிர்வைக் குறைப்பது அடுத்தபட்சம்தான். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், அதிர்வைக் குறைக்கும் ஷீட்டை விற்க வேண்டுமே!

சந்தேகம் இருந்தால் செலவுக்கு முன் சோதித்துவிடலாம். டோர் பேடை (கதவின் உட்புற உறையை) கழற்றி, பெரிய ஓட்டைகளில் கெட்டி அட்டையை டேப்பால் இறுக்கி ஒட்டி, பேஸ் கிதார் துலக்கமாக ஒலிக்கும் இளையராஜா பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

டோர் பேடைக் கழற்ற, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுங்கள். கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்பியால் கீழிருந்து ஒவ்வொன்றாக விடுவியுங்கள். சில உடையும், பத்து கிளிப் கூடுதலாக வாங்கி வையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாளைப் பிடித்திருக்கும் கறுப்புப் பசைதான் பொறுமையைச் சோதிக்கும். அதே பசையில் கொஞ்சம் எடுத்து உருட்டி, மிச்சத்தின் மேல் ஒற்றி ஒற்றி இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மீதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தூசியோ எண்ணெயோ இருந்தால் ஷீட் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் மோதலின்போது முன்கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை அறிந்து ஏர்பேக்கை இயக்கும் சென்சார் இருக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இருந்தால் கதவின் அடைப்பில் கை வைக்க வேண்டாம்.

உள்தகட்டை அடைக்கும் முன் வெளித்தகட்டை முடித்துவிட வேண்டும். அதற்கு அலுமினியத் தாள் பூசிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் வாங்குங்கள். மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவுதான், ஆனால் நம் வெயிலில் நாறும், இளகி இறங்கும். முழுத்தகட்டையும் மூட வேண்டியதில்லை. தட்டினால் "டங்" என்று அதிரும் நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே "டொக்" என்று அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது பெரும்பாலும் எடையைத்தான் கூட்டும். ஷீட்டின் மேலுள்ள புடைப்புகள் மழுங்கும்வரை ரோலரால் அழுத்துங்கள். வெட்டிய விளிம்பு விரலை அறுக்கும், கையுறை அவசியம்.

கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளை மட்டும் தொடாதீர்கள். மழைநீர் கண்ணாடி பீடிங் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு; அந்தத் துளைகள்தான் அதை வெளியேற்றுகின்றன. அடைத்தால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். பஞ்சு, ஃபெல்ட் போன்ற நீர் உறிஞ்சும் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

இனி உள்தகடு. சிறிய ஓட்டைகளுக்குப் பியூட்டைலே போதும். கையளவு ஓட்டையில் அதை மட்டும் ஒட்டினால் பேஸுக்கு ஏற்றபடி அதுவும் உள்ளும் புறமும் ஆடும். அதனால் அலுமினியத் தகட்டையோ கெட்டி பிளாஸ்டிக்கையோ அளவாக வெட்டி, விளிம்பில் பியூட்டைல் பட்டை வைத்து, ஸ்க்ரூவால் முடுக்குங்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் மக்கர் செய்தால் கழற்ற முடிய வேண்டும். லாக் கம்பியும் ஒயர்களும் தகட்டில் உரசாமல் போகட்டும். ஸ்பீக்கர் வளையத்தைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டுங்கள், இல்லையென்றால் ஒலியில் ஒரு பகுதி டோர் பேடுக்குப் பின்னாலேயே சுற்றும்.

மூடும் முன் கண்ணாடியை முழுதாக ஏற்றி இறக்கி, பூட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். கண்ணாடி மேல் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். அது அடித்துளை வழியாக வெளியே வர வேண்டும்.

முன்கதவு இரண்டை மட்டும் செய்தால் போதும். பின்கதவுக்கு ஒதுக்கிய பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.