உங்கள் ஊரில் ஒரு வேன் தங்குமிடம்: முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். ஆந்திரா, தெலங்கானா பதிவெண்ணோடு டூரிஸ்ட் வேன்கள் வரிசையாகப் போகும். கூரைக் கேரியரில் அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை. பின் கண்ணாடியில் ஐயப்பன் படம். தாம்பரம், வண்டலூர் நெரிசல் தாண்டியதும் ஏதாவது ஓர் இருட்டான ஓரத்தில் ஒதுங்கி, அங்கேயே உலை வைத்து, அங்கேயே படுத்து, விடிந்ததும் புதர் தேடிப் போகிறார்கள். அடுத்த நாள் அந்த ஊர்க்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இதற்குத் தீர்வு, ஊரே நடத்தும் ஒரு வேன் தங்குமிடம்.

கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங் வண்டிதான் நினைவுக்கு வரும். படுக்கை, சமையல், கழிப்பறையோடு ஊர் சுற்றும் கேம்பர் வேன்களுக்காகக் கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்று தனித் திட்டமே அறிவித்தது. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் 2010இல் ஊர்க்காரர்களே அறக்கட்டளை அமைத்து நிலத்தை வாங்கினார்கள். அந்த அறக்கட்டளை இன்று கேம்பர் வேன்களுக்கு மின் இணைப்போடு நிறுத்துமிடம் நடத்துகிறது. நம் சாலையின் கேம்பர் வேன், அண்டா கட்டிய அந்த யாத்திரை வண்டிதான். இரண்டுக்கும் தேவை ஒன்றே: வண்டி தன்னோடு எடுத்துவர முடியாத நிலம், தண்ணீர், கழிவு போக வழி, ஒரு காவலாள். கட்டடம் கட்டும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

படி 1: ஏரி உள்வாயைத் தொடாதீர்கள்

2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், பொன்மார் போன்ற ஊர்கள் ஊராட்சிகளாகவே வெளியே நின்றன. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று யாராவது காட்டினால் அது பெரும்பாலும் ஏரியாகவோ வாய்க்காலாகவோ இருக்கும். வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். ஏரிப் புறம்போக்கு என்றிருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது ஆக்கிரமிப்பு.

சட்டத்தை விடுங்கள், தண்ணீர் விடாது. சபரிமலை சீசன் தொடங்குவது நவம்பர் நடுவில். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். உங்களுக்கு அதிக வண்டி வரும் மாதமும் வெள்ளம் வரும் மாதமும் ஒன்றே. ஆகவே 2015இல் அந்த மனையில் தண்ணீர் நின்றதா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

கோயில் நிலம், ஊர்ப் பொது மைதானம், தனியார் குத்தகை எதுவானாலும் உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் அந்தத் துறையின் அனுமதியும் சேரும்.

படி 2: கிராம சபையில் வையுங்கள்

நாலு பேர் கூடி ஆரம்பித்தால் அது அந்த நாலு பேரின் தொழிலாகத்தான் ஊர் கண்ணில் தெரியும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இடம், குழு, கட்டணம், கணக்கு காட்டும் முறை நான்கையும் ஒரே தீர்மானத்தில் எழுதிக் கேளுங்கள். நிர்வாகத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பிடம் கொடுப்பது நல்லது. வங்கிக் கணக்கும் தணிக்கைப் பழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்கள் சங்கத்தை விட அவர்கள் கணக்கு நேராக இருக்கும் என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

படி 3: இருபது சென்ட் போதும்

ஆறு வண்டிகளோடு தொடங்குங்கள். இரண்டு வரிசை, நடுவே திரும்ப ஒன்பது மீட்டர். கேஸ் சிலிண்டர் இருப்பதால் வண்டிக்கு வண்டி ஐந்து மீட்டர் இடைவெளி விட வேண்டும். இதற்கெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று சென்ட் ஆகும். மீதியில் கழிப்பறை, சமையல் கொட்டகை. தரைக்குக் கிராவல் கொட்டி ரோலர் விடுங்கள். வெறும் மண் என்றால் முதல் மழைக்கே டயர் புதையும்.

நுழைவு வழியை இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள், தலையைத் தூக்கிக்கொண்டு. நம் தெருக்களில் கேபிள் டிவி ஒயர் தொங்கும் தொங்கலுக்கு, கேரியரில் அண்டா ஏற்றிய வேன் ஒன்று நுழைந்தால் பாதித் தெருவுக்கு சீரியல் போய்விடும். தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு ஒயர், கிளை எதுவும் இருக்கக் கூடாது.

படி 4: தண்ணீரும் கழிவும்

பணத்தில் பாதியை இங்கே போடுங்கள். வேனுக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்குக் குளிக்க, கழுவ நாற்பது லிட்டர் என்று வைத்தால் ஆறு வண்டிக்கு ஓர் இரவு 2,880 லிட்டர். மூவாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்று வேண்டும். குடிநீர்க் குழாய் தனி.

மாலை போட்டவர்கள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் குளிப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில். குளியலறை ஆறு கட்டுவதைவிட, திறந்த மேடையில் வரிசையாகப் பத்துக் குழாய் வைப்பது ஆண்களுக்குப் போதும். பெண்களுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே விளக்கும் உள்ள அறைகள் கட்டாயம். மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடை வண்டிகளில் பெண்களே அதிகம். அவர்களை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கேம்பர் வேன்களில் பெரும்பாலும் கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி இருக்கும், ஏறக்குறைய இருபது லிட்டர். அதில் ஊற்றும் சில இரசாயனங்கள் செப்டிக் டேங்க்கின் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். எனவே அதைக் கொட்ட மூடியுள்ள தனித் தொட்டியும், கழுவத் தனிக் குழாயும் வையுங்கள். செப்டிக் டேங்க், இந்தத் தொட்டி இரண்டிலிருந்தும் கழிவை எடுக்க உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்குத்தான் சொல்ல வேண்டும். லாரி எங்கே கொண்டு கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள். தொட்டிக்குள் மனிதரை இறக்கவே கூடாது; பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

சமையல் கொட்டகையிலிருந்து வரும் சாம்பார்த் தண்ணீரும் எண்ணெயும் நேரே வாய்க்காலுக்குப் போகாமல் எண்ணெய் தடுக்கும் சிறு தொட்டி ஒன்று கட்டுங்கள். எச்சில் இலைக்குக் குழி.

படி 5: மின்சாரம்

பக்கத்து வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். மின்வாரியத்தில் தனி இணைப்பு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவில் அணையும் ஆர்.சி.சி.பி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இவர்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

படி 6: டிரைவருக்கு ஒரு கட்டில்

எல்லோரும் மறப்பது டிரைவரை. பகலில் பயணிகள் சீட்டில் தூங்கிவிடுகிறார்கள். இரவில் அவர்கள் பஜனை பாடும்போது இவர் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து, கொசுவோடு போராடி, விடிந்ததும் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். சில வண்டிகளில் ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டு உறங்குவதும் உண்டு. அந்தப் புகை ஆளையே கொல்லும். இரவு பத்துக்கு மேல் என்ஜின் ஓடக் கூடாது என்று விதி போடுங்கள். ஆனால் கொசுவலை, மின்விசிறியோடு ஆறு கட்டில் உள்ள தனிக் கொட்டகை கொடுத்துவிட்டு விதி போடுங்கள். நன்றாகத் தூங்கிய டிரைவர் அடுத்த வண்டிக்காரரிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வார். வேறு விளம்பரம் தேவையில்லை.

படி 7: காவல், பதிவேடு, கட்டணம்

வண்டி எண், டிரைவர் பெயர், ஆள் எண்ணிக்கை எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். குழுப் பெண்கள் இட்லி, தோசை விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

இலவசம் வேண்டாம், சுத்தம் செய்பவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? ஓர் உதாரணம்: வேனுக்கு 300 ரூபாய், ஆறு வண்டி, மாதத்தில் பதினைந்து இரவு நிறைந்தால் 27,000. காவலாளுக்கும் துப்புரவுக்கும் சீசனில் அது ஈடுகட்டும். சித்திரை, வைகாசியில் மாமல்லபுரம் போகும் குடும்ப வண்டிகள் வரும். மற்ற மாதங்களில் கல்யாண வண்டிகளுக்கு வாடகைக்கு விடுங்கள்.

கிராவல், குழாய், மின் இணைப்பு எல்லாம் முடிய நாலைந்து மாதம் பிடிக்கும். கார்த்திகை முதல் தேதி திறக்க வேண்டுமென்றால் மே 1 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியாக வேண்டும். மனுவை இப்போதே எழுதுங்கள்.