மீன் இறந்ததா, இறந்தனவா?

இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விலங்கியல் முதுகலை படிப்பவனுக்கு இலக்கணத்தோடு என்ன வேலை என்று கேட்போரும் உளர். அண்மையில் என் ஒரு சொல்லால் இருவருடைய ஒரு வார உழைப்பு வீணாயிற்று. ஆதலால்தான் எழுதத் துணிந்தேன்.

ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் தொட்டியில் ஐந்து மீன்கள் இருந்தன. ஒரு நாள் காலை ஐந்தும் செத்து மிதந்தன. அவற்றை அகற்றிவிட்டு, குறிப்பேட்டில் 'தி ஃபிஷ் இன் டாங்க் த்ரீ வாஸ் டெட்' என்று எழுதினேன். வாரக் கடைசியில் தோழர் அக்குறிப்பைப் பார்த்து அட்டவணை எழுதினார். 'வாஸ்' என்பது ஒருமை. ஆகவே இறந்தது ஒன்று என்று பதிந்தார். அதன்மேல் எழுந்த கணக்கெல்லாம் பிழையாயின. குற்றம் அவருடையதன்று, என்னுடையது. 'வேர்' என்று எழுதியிருக்க வேண்டும்.

ஏன் பிழைத்தேன்? எண்ணிப் பார்த்தபோது என் ஊர் நினைவுக்கு வந்தது.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் வழியில், எல்லையை ஒட்டியது கோபாலபுரம். பிழைப்பு நாடி அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். தமிழில் 'வந்தேன்' என்றாலே வந்தவன் யார் என்பது விளங்கும். வந்தான், வந்தாள், வந்தார் என ஈறு மாறும். மலையாளத்திலோ ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. வினை மாறுவதே இல்லை. மலையாளம் அடைந்த மாறுதல்களுள் இதனையும் ஒன்றாக ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் 'கேரள பாணினீய'த்தில் எடுத்துக் காட்டினார். அந்நூல் 1896-இல் வெளிவந்தது.

அப்படியானால் தமிழன் தப்பியிருக்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். எழுத்துத் தமிழில் 'மீன் இறந்தது' என்றால் ஒன்று. 'மீன் இறந்தன' என்றால் பல. பெயர் எண்ணைக் காட்டாதபோது வினை காட்டும். இதனைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே காணலாம். ஆனால் பேச்சில் நாம் ஐந்து மீனுக்கும் 'செத்துப்போச்சு' என்றே சொல்கிறோம். அந்தப் பேச்சு வழக்கே என் கையில் 'வாஸ்' ஆயிற்று. ஆங்கில 'ஃபிஷ்', 'ஷீப்' ஆகியவையும் நம் 'மீன்', 'ஆடு' போன்றவையே. ஒன்றா பலவா என்று அங்கும் வினையே காட்டும்.

ஐயம் தரும் வேறு சில இடங்களையும் தமிழை வைத்தே தெளியலாம்.

1. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'ஆர்' வரும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'இஸ்' வரும். முன்னது 'மாணவர் பலர் வந்தனர்'. பின்னது 'மாணவர் எண்ணிக்கை கூடியது'. முதலதில் எழுவாய் மாணவர், இரண்டாவதில் எண்ணிக்கை.

2. 'ஈச் ஆஃப் தி சாம்பிள்ஸ்' என்பதற்கு 'இஸ்' தான். 'சாம்பிள்ஸ்' அருகில் நின்று நம்மை ஏமாற்றும். எழுவாய் 'ஈச்'. 'ஒவ்வொரு மாணவனும் வந்தான்' என்பதே நம் வழக்கும்.

3. '20 மில்லிலிட்டர்ஸ் வாஸ் ஆடட்' என்பது சரியே. இருபது என்றாலும் அளவு ஒன்று. தமிழிலும் 'இருபது மில்லிலிட்டர் சேர்க்கப்பட்டது' என்கிறோம்.

4. 'ஐதர் தி பாய்ஸ் ஆர் தி டீச்சர்' என்றால் வினைக்கு அருகிலுள்ள 'டீச்சர்' நோக்கி 'இஸ்' வரும். இடம் மாறி 'பாய்ஸ்' அருகில் வந்தால் வினையும் பன்மையாகும்.

5. 'டீம்', 'கமிட்டி' ஆகியவற்றை அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையாக்குவர். உறுப்பினரைத் தனித்தனியே எண்ணும்போது ஆங்கிலேயர் பன்மையும் ஆள்வர். 'குழு முடிவு செய்தது' என்பது நம் வழக்கு. ஒரு கட்டுரைக்குள் ஒரே வழியைக் கைக்கொள்வது நலம்.

6. 'டேட்டா' லத்தீனில் பன்மை. இன்று ஆங்கிலத்தில் இரு வகையாகவும் எழுதுகின்றனர். நாம் அனுப்பும் ஆய்விதழின் வழக்கைப் பின்பற்றுவோம்.

ஆக, வினைக்கு அருகில் நிற்கும் சொல் எப்போதும் எழுவாயன்று. 'யார்? எது? எவை?' என்று கேட்டு முதலில் எழுவாயைக் கண்டு பிடியுங்கள். பிறகு வினையை எழுதுங்கள்.

ஆயினும் வினை மட்டும் எப்போதும் காக்கும் என்று நம்பிவிடலாகாது. 'தி ஃபிஷ் டைட்' என்று எழுதியிருந்தால் ஒன்றா ஐந்தா என்று எவரும் அறிய முடியாது. 'ஆல் ஃபைவ் ஃபிஷ் வேர் டெட்' என்பதே அறிவியலுக்கு ஏற்ற வாக்கியம். இப்போது குறிப்பேட்டில் எண்ணை முதலில் எழுதுகிறேன். வினையைப் பிறகே எழுதுகிறேன்.

தோழரும் நானும் அந்த ஆய்வை மீண்டும் தொடங்கியுள்ளோம். அவர் மலையாளி, அவர் மொழியிலும் 'மீன் சத்து' என்பது ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொது. "இனி நம் இருவருக்கும் எண்ணே துணை" என்று சிரித்தார். அது உண்மைதானே?