ரூட்டருக்குப் பின்னால இருக்கிற யூஎஸ்பி ஓட்டை: வாங்க முதல் ஒரு பாடம்



இந்தக் கிழமை நிகழ்ச்சியில வீட்டு வைஃபை பற்றிக் கதைச்சனாங்கள். கடைசி அஞ்சு நிமிசத்தில, "ரூட்டருக்குப் பின்னால யூஎஸ்பி ஓட்டை இருந்தால் அதில ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகுங்கோ, வீட்டில எல்லாரும் பாவிக்கலாம்" எண்டு சொல்லிட்டு அவசரமா முடிச்சிட்டன். பிறகு வந்த கேள்வியள் முழுக்க அதைப் பற்றித்தான். எந்த ரூட்டர் வாங்கிறது? ஏன் லப்டொப்பில தெரியுதில்லை? ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு? படங்களை அதில வைச்சால் பத்திரமா?

ஒவ்வொண்டா வடிவாப் பார்ப்பம். கடைசிக் கேள்விக்கு மறுமொழி என்ர சொந்தப் பிழையில இருந்து வருது. அதை முடிவில சொல்லுறன்.

உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

ரூட்டர் எண்டது ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதுக்கும் ஒரு புரொசசர் இருக்கு, கொஞ்ச மெமரி இருக்கு, பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுது. டிஸ்க்கைச் செருகினால் அது ஒரு சின்ன ஃபைல் சேர்வராகவும் மாறும்.

டிஸ்க்கை ஒரு அலுமாரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அலுமாரித் திறப்பை வைச்சிருக்கிற ஆள் ரூட்டர். உங்கட லப்டொப் நேரா அலுமாரியைத் தொடுறதில்லை. அந்த ஆளிட்டத்தான் கேக்கும். அவரோட கதைக்கிற பாஷைக்குப் பெயர் எஸ்எம்பி. விண்டோஸ், மக் ரெண்டுக்கும் இந்தப் பாஷை தெரியும். ரிவிக்கு டிஎல்என்ஏ எண்டு வேற ஒரு பாஷையும் இருக்கு. அதால படமும் பாட்டும் பார்க்க, கேக்க மட்டும்தான் ஏலும். எழுத, அழிக்க ஏலாது.

வேகம்: பெட்டியில ஒரு இலக்கம், கையில ஒரு இலக்கம்

கடையில "ஏஎக்ஸ் 3000" எண்டு பெரிசா எழுதியிருக்கும். 3000 மெகாபிட் வரும் எண்டு நினைக்காதீங்கோ. 2.4 கிகாஹேர்ட்சில 574, 5 கிகாஹேர்ட்சில 2402, ரெண்டையும் கூட்டி உருட்டினால் 3000. உங்கட போன் சாதாரணமா ஒரு நேரத்தில ஒரு அலைவரிசையிலதான் நிக்கும். அதோட அது ஆய்வுகூட இலக்கம். லண்டனில எங்கட பழைய செங்கல் வீடுகளில ரெண்டு சுவரைத் தாண்டினாலே 5 கிகாஹேர்ட்ஸ் களைச்சுப் போகும்.

அடுத்தது, மெகாபிட் வேற, மெகாபைட் வேற. மெகாபிட்டை எட்டால பிரிச்சால் மெகாபைட். 100 மெகாபிட் எண்டால் செக்கனுக்கு 12.5 மெகாபைட்தான்.

இப்ப சங்கிலியைப் பாருங்கோ: டிஸ்க், யூஎஸ்பி ஓட்டை, ரூட்டரின் புரொசசர், வைஃபை அல்லது வயர், உங்கட லப்டொப். இதில ஆர் மெதுவோ அவர்தான் முழு வேகத்தையும் தீர்மானிப்பார்.

யூஎஸ்பி 2.0 இன் எல்லை 480 மெகாபிட். கடதாசியில அது 60 மெகாபைட். கையில 30, 40 வந்தாலே நல்லம். யூஎஸ்பி 3.0 இன் எல்லை 5 ஜிகாபிட், அது பிரச்சினையே இல்லை. ஆனால் அங்க ரூட்டரின் புரொசசர் மூச்சு வாங்கத் தொடங்கும். மலிவான ரூட்டரில ஓட்டை 3.0 ஆ இருந்தாலும் எழுதுற வேகம் 10, 20 மெகாபைட்டில நிக்கிறதை நான் பார்த்திருக்கிறன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். உங்களிட்ட 100 ஜிகாபைட் படம் இருக்கு. செக்கனுக்கு 30 மெகாபைட் எண்டால் கிட்டத்தட்ட 55 நிமிசம். 10 எண்டால் ரெண்டே முக்கால் மணித்தியாலம். முதல் தடவை நிரப்பேக்க இது பெரிய வித்தியாசம். ஆனால் போனில எடுத்த சாதாரண எச்டி வீடியோ ரிவியில ஓட செக்கனுக்கு 2, 3 மெகாபைட் காணும். ஆகவே படம் பார்க்க மட்டும்தான் எண்டால் வேகத்துக்குக் கூடக் காசு குடுக்காதீங்கோ.

வாங்க முதல் ஆறு கேள்வி

இதுக்கு மறுமொழி பெட்டியில இருக்காது. அந்த மொடலின் கையேட்டை இறக்கி, "யூஎஸ்பி" எண்டு தேடிப் பாருங்கோ. அஞ்சு நிமிச வேலை.

1. ஓட்டை உண்மையில வேலை செய்யுமா? இணையக் கம்பனி சும்மா தாற ரூட்டர்கள் சிலதில ஓட்டை இருக்கும், ஆனால் பூட்டி வைச்சிருப்பினம். வேலை செய்தால் 2.0 ஆ, 3.0 ஆ எண்டும் பாருங்கோ.

2. எஸ்எம்பியில எந்தப் பதிப்பு? இதுதான் முக்கியமான கேள்வி, இதைத்தான் ஒருத்தரும் கேக்கிறதில்லை. 2017 மே 12 ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தில ஆஸ்பத்திரியளின் கொம்பியூட்டர்கள் பூட்டுப்பட்டு, நோயாளர்களின் நேரங்கள் ரத்தாகின. அந்த வனாக்ரை தாக்குதல் பரவினது எஸ்எம்பியின் முதலாம் பதிப்பில இருந்த ஓட்டையாலதான். மைக்ரோசொஃப்ட் அதை அடைக்கிற திருத்தத்தை மார்ச்சிலயே விட்டிட்டுது, கனபேர் போடேல்லை. அதே வருசக் கடைசியில இருந்து புது விண்டோஸ் பதிப்புகள் இந்த முதலாம் பதிப்பு இல்லாமலே வருது. ஆகவே பழைய ரூட்டர் அந்தப் பழைய பாஷையை மட்டும் கதைச்சால், உங்கட லப்டொப் அதோட கதைக்க மாட்டுது. "ஏன் தெரியுதில்லை" எண்ட கேள்விக்கு அனேகமா இதுதான் காரணம். தேடிப் பார்த்தால் "விண்டோஸில பழையதைத் திரும்ப ஓன் பண்ணுங்கோ" எண்டு வரும். செய்யாதீங்கோ. பூட்டின கதவை ஒரு பழைய ரூட்டருக்காகத் திறக்கிற வேலை அது. ரெண்டாம், மூண்டாம் பதிப்புத் தெரிஞ்ச ரூட்டரை வாங்குங்கோ.

3. டிஸ்க்கை எந்த ஒழுங்கில எழுதியிருக்கிறீங்கள்? ஃபாட் 32 எண்டால் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்ட ஏலாது. கலியாண வீடியோ ஒண்டே தாண்டும். எக்ஸ்ஃபாட்டில அந்தத் தொல்லை இல்லை, விண்டோஸும் மக்கும் வாசிக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் கெதியாக் குழம்பும். என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி 4 ரெண்டும் செய்யப் போறதை முதல் ஒரு குறிப்பா எழுதி வைச்சுச் செய்யிறதால கொஞ்சம் உறுதி. உங்கட ரூட்டர் எதை வாசிக்கும், எதில எழுதும் எண்டு கையேட்டில பாருங்கோ. சிலது வாசிக்கும், எழுதாது.

4. கரண்ட் காணுமா? யூஎஸ்பி 2.0 ஓட்டை 500 மில்லி அம்பியர்தான் தரும், 3.0 தாறது 900. சுத்துற டிஸ்க் தொடங்கேக்க இதுக்கு மேல கேக்கலாம். காணாட்டி "டிக், டிக்" எண்டு சத்தம் வரும். அது டிஸ்க் தொண்டை காய்ஞ்சு தண்ணி கேக்கிற மாதிரி. தனிப் பிளக் உள்ள டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி நல்லம்.

5. எத்தினை வருசம் திருத்தம் வரும்? 2024 ஏப்ரல் 29 இல இருந்து பிரித்தானியாவில ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. இணையத்தில சேருற வீட்டுச் சாமானை எல்லாத்துக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்ட்டோட விக்க ஏலாது. பாதுகாப்புத் திருத்தம் குறைஞ்சது எதுவரைக்கும் வரும் எண்டு கம்பனி வெளிப்படையாச் சொல்ல வேணும். அந்தத் திகதியைத் தேடிப் பாருங்கோ. மலிவு விலைக்குப் போட்ட ரூட்டரின் திகதி அடுத்த வருசத்தோட முடியுது எண்டால் அது மலிவு இல்லை.

6. ஆளுக்கு ஆள் அனுமதி குடுக்கலாமா? தம்பிக்கு வாசிக்க மட்டும், அம்மாவுக்கு எல்லாம் எண்டு பிரிக்க ஏலுமா? சில ரூட்டரில எல்லாருக்கும் ஒரே திறப்புத்தான். விருந்தாளி வைஃபையில இருந்து டிஸ்க் தெரியாமல் இருக்க வேணும், அதையும் பாருங்கோ.

மக் வைச்சிருக்கிறவைக்கு ஒரு வரி: டைம் மெஷினுக்குப் பாவிக்கப் போறீங்கள் எண்டால், அதுக்கு ஆதரவு இருக்கு எண்டு கையேட்டில தெளிவா எழுதியிருக்க வேணும்.

வெளிக்கதவைத் திறக்காதீங்கோ

ரூட்டர் அமைப்புப் பக்கத்தில "எங்க இருந்தும் உங்கட ஃபைலைப் பாருங்கள்" எண்டு ஒரு பொத்தான் இருக்கும். ஆசையாத்தான் இருக்கும். ஒரு உண்மைக் கதையைக் கேளுங்கோ.

2014 பெப்ரவரியில, அசூஸ் ரூட்டர்களில செருகின 12,900 க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளுக்குள்ள அந்நியர் புகுந்தினம். வெளியில இருந்து ஃபைல் பார்க்கத் தந்த வசதியளில இருந்த பலவீனங்கள்தான் வழி விட்டது எண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டிச்சுது. 2016 இல கம்பனி சமரசத்துக்கு வந்தது. 20 வருசத்துக்குச் சுயாதீனப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு உட்பட வேணும் எண்டது நிபந்தனைகளில ஒண்டு.

ரூட்டர் கடைசியில திருந்தினாலும், பார்த்தவை பார்த்ததுதான். வரிக் கடதாசியும் பாஸ்போட் ஸ்கானும் அந்த டிஸ்க்கில இருந்திருந்தால் என்ன செய்யிறது? ஆகவே எஃப்டிபி, வெளி அணுகல் ரெண்டையும் நிப்பாட்டி வையுங்கோ. வெளியில இருந்து கட்டாயம் பார்க்க வேணும் எண்டால், வயர்கார்ட் மாதிரி விபிஎன் உள்ள ரூட்டரா வாங்கி, முதல் வீட்டுக்குள்ள வந்து பிறகு அலுமாரியைத் திறவுங்கோ.

செருகின பிறகு

யூஎஸ்பி 3.0 ஓடேக்க 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடும். இன்டெல் கம்பனியே 2012 இல இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை விட்டது. டிஸ்க் போட்ட அண்டு வைஃபை மோசமாகினால் இதைச் சந்தேகியுங்கோ. நல்ல வயர் பாவிச்சு டிஸ்க்கை அன்டெனாவில இருந்து தள்ளி வையுங்கோ. சில ரூட்டரில ஓட்டையை 2.0 க்கு இறக்கிற தெரிவும் இருக்கு.

கழட்டேக்க சும்மா இழுக்காதீங்கோ. அமைப்புப் பக்கத்துக்குப் போய் "பாதுகாப்பாகக் கழட்டு" எண்டதை அமத்திப்போட்டுக் கழட்டுங்கோ. வீட்டில வக்யூம் பிடிக்கிறவைக்கும் இதைச் சொல்லி வையுங்கோ.

என்ர பிழை

2016 கோடையில அம்மா வீட்டில ரெண்டு பழைய அல்பத்தை ஸ்கான் பண்ணினனான். அம்மம்மா பக்கத்தில இருந்து, "இது ஆர், இது எந்த வீடு, இது ஆற்ற கலியாணம்" எண்டு ஒவ்வொரு படத்துக்கும் சொன்னவ. போனில பதிஞ்சனான், 11 பதிவு. எல்லாத்தையும் ஒரு சின்ன டிஸ்க்கில போட்டு, ரூட்டரில செருகி, ரிவியில எல்லாருக்கும் காட்டினனான். "இனிப் பத்திரம்" எண்டும் சொன்னனான். பிறகு போனை மாத்தினன், பழைய போன் போயிட்டுது.

அம்மம்மா 2019 இல செத்துப் போனா. திவசம் ஒண்டுக்கு, "அம்மான்ர குரலை ஒருக்காப் போடு தம்பி" எண்டு அம்மா கேட்டவ. ரிவியில டிஸ்க் தெரியேல்லை. கிட்டப் போய்க் கேட்டால் டிக், டிக். எவ்வளவு நாளா அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. அந்த ஓட்டை குடுக்கிற கரண்ட் அந்த டிஸ்க்குக்குக் காணாது எண்டு நான் பார்த்திருக்க வேணும். ஊருக்கெல்லாம் சேர்வர் பார்க்கிற ஆள் நான்.

மீட்டுத் தாற இடத்தில காசு குடுத்து 11 இல 4 பதிவு வந்தது. படங்களைத் திரும்ப ஸ்கான் பண்ணியாச்சு, அல்பம் அம்மாவிட்ட இருக்கு. ஆனால் கிணத்தடியில நிக்கிற அந்தப் பெடியன் ஆர் எண்டு இப்ப எங்களில ஒருத்தருக்கும் தெரியாது.

பாடம் இதுதான். எல்லாரும் பார்க்கிற இடம் வேற, காப்புப் பிரதி வேற. ரூட்டர் டிஸ்க் முதலாவது வகை. முக்கியமானது மூண்டு பிரதி இருக்க வேணும். ரெண்டு வேற வேற சாதனத்தில. ஒண்டு வீட்டுக்கு வெளியில. வெளியில எண்டால் கிளவுட்டா இருக்கலாம், பெரியம்மா வீட்டு லாச்சியில கிடக்கிற ஒரு டிஸ்க்காகவும் இருக்கலாம். வருசத்தில ஒருக்கா அதைத் திறந்து, உண்மையில வாசிக்குதா எண்டு பாருங்கோ.

அப்ப வாங்கலாமா?

கையில ஒரு நல்ல டிஸ்க் இருக்கு, எப்பிடியும் ரூட்டர் மாத்தப் போறீங்கள், ரிவியில படம் பார்க்கவும் ஃபைல் மாத்தவும்தான் தேவை எண்டால், வாங்குங்கோ. நாள் முழுக்கப் பெரிய ஃபைல் எழுதிறவை, ரெண்டு டிஸ்க் போடுற தனிச் சேமிப்புப் பெட்டிக்குக் காசு சேருங்கோ. ஏற்கனவே உள்ள ரூட்டர் திருத்தம் வந்துகொண்டு நல்லா ஓடுது எண்டால், ஒரு ஓட்டைக்காக மட்டும் மாத்தாதீங்கோ.

இந்தக் கிழமை வீட்டு வேலை

வீட்டு ரூட்டரைத் திருப்பி மொடல் இலக்கத்தை எழுதுங்கோ. கையேட்டில மேல சொன்ன ஆறு கேள்வியையும் தேடுங்கோ. கடைசியா, உங்கட போனில மட்டும் கிடக்கிற ஒரு குரலையோ படத்தையோ இண்டைக்கே இன்னொரு இடத்துக்கு மாத்துங்கோ. மூண்டாவதை மட்டும்தான் செய்ய நேரம் எண்டால், அது காணும்.

அடுத்த கிழமை விபிஎன் பற்றிப் பார்ப்பம். கேள்வியளை அனுப்புங்கோ.