பம்பரம் காட்டும் வழி

பம்பரத்தை அறியாத தமிழ் மாணவர் எவரும் இரார். வேகமாகச் சுழலும் வரை அது சாயாது. தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடாது. இச்சிறு உண்மையே கப்பலுக்கும் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் வழிகாட்டும் பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. அத்தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1852-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ, வளையங்களுக்குள் சுழலும் சக்கரமொன்றை அமைத்துப் பூமியின் சுழற்சியைக் காட்டினார். அதற்கு ஜைரோஸ்கோப் எனப் பெயரிட்டவரும் அவரே. பின்னர் இரும்புக் கப்பல்கள் பெருகவே, காந்த ஊசி தடுமாறலாயிற்று. காந்தத்தை நம்பாத திசைகாட்டியை ஜெர்மனியில் அன்ஷுட்ஸ் என்பவரும், அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரியும் செய்தனர்.

ஸ்பெர்ரி 1910-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தம் கம்பெனியைத் தொடங்கினார். 1914 ஜூனில் பாரிஸ் அருகே அவர் மகன் லாரன்ஸ், விமானம் பறக்கும்போதே இரு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினார்; உடன் சென்றவர் இறக்கைமேல் நடந்தார். விமானத்தைச் சாயாமல் காத்தது ஜைரோஸ்கோப்பே. 1955-இல் ரெமிங்டன் ராண்டுடன் இணைந்த அக்கம்பெனி, 1986-இல் பரோஸ் வசமாயிற்று. வான்கலக் கருவிப் பிரிவு ஹனிவெல்லுக்குச் சென்றது.

ஜைரோஸ்கோப் திசையைச் சொல்லும். முடுக்கமானி வேகத்தின் மாறுதலைச் சொல்லும். இவ்விரண்டையும் கொண்டு, வெளியுதவியின்றியே கலம் இருக்குமிடத்தைக் கணக்கிடலாம். ஆனால் பிழை சிறிதாயினும் விளைவு பெரிது. மும்பையிலிருந்து சென்னை வான்வழியில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். புறப்படும்போது 1 பாகை பிசகினால், முடிவில் சுமார் 17 கிலோமீட்டர் விலகிவிடுவோம்!

இத்தகைய கருவியைப் பிறர் எளிதில் கொடுப்பாரா? 1987-இல் 7 நாடுகள் கூடி, ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாதிருக்க ஒரு கட்டுப்பாட்டை வகுத்தன. நுட்பமான ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. அதே ஆண்டில்தான் இந்தியா ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டை முதன்முறை ஏவியது. அது தோற்றது, 1988-இலும் தோல்வியே. 1992-இல் வெற்றி கிட்டியது. பறக்கும்போதே வழியைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் முறையை நம்மவர் அந்த ராக்கெட்டில் கைவரப் பெற்றனர். இன்று திருவனந்தபுரம் வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோவின் பிரிவு, நம் ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக் கோள்களுக்கும் இக்கருவிகளை உருவாக்குகிறது. 2016-இல் இந்தியாவும் அக்கட்டுப்பாட்டு அமைப்பில் உறுப்பினராயிற்று.

கேட்டுப் பெற இயலாததைக் கற்றுப் பெற்ற வரலாறு இது. பொறியியல் பயிலும் நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவைக் குறிக்கும்போது, ‘இவ்வளவு போதும்’ என்று நிறுத்திவிடாதீர். அடுத்த தசம இடத்தையும் தேடுங்கள். ராக்கெட்டின் வழி அங்கேதான் தொடங்குகிறது.